கூப்பனை யார் கையால் வாங்குவது?

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கலுக்கு அடுத்து வரும் சனி, ஞாயிறில் ஒரு விழா நடத்துகிறோம். கோலப்போட்டி, பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்புப் போட்டி, இருபது இருபத்தைந்து ஸ்டால், சாயங்காலம் பறையாட்டம், ராத்திரி சாப்பாடு. பெரிய விழா என்று சொல்ல முடியாது, ஆனால் அறுபது வாலண்டியர் இல்லாமல் நடக்காது. ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலையில் இருப்பவர்கள், சிவாஜி நகர் கல்லூரிப் பிள்ளைகள், ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிற ஐந்தாறு பையன்கள் என்று கலவையான கூட்டம். இந்த அறுபது பேரை மேய்க்கிற வேலை ஏழு வருஷமாக என் தலையில்.

இந்த முறை ஒரு வீடு கட்டி விற்கிற கம்பெனி தானாக வந்து கேட்டது. வாலண்டியர் ஒவ்வொருவருக்கும் ஒரு முதுகுப்பை, உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், கூடவே ஆயிரம் ரூபாய்க்கு ஷாப்பிங் கூப்பன். "உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை மேடம், நாங்களே வந்து கொடுத்துவிடுகிறோம், ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். குழுவில் பாதிப் பேருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. கொடுக்கிறவன் கொடுக்கிறான், பிள்ளைகள் வாங்கிக்கொள்ளட்டும், நமக்கு என்ன வந்தது? மீதிப் பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். பொங்கலுக்குப் பரிமாற வந்தவன் கூப்பனுக்கு வந்தவன் ஆகிவிடுவான் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கத்தையும் எழுதிக் கொடு, ஞாயிற்றுக்கிழமை முடிவெடுப்போம் என்றார்கள். அதனால் இது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் சட்டப்படியே இது தானக் கணக்கில் வராது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில், ஓர் அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ நிகர லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும் என்று இருக்கிறது. சிஎஸ்ஆர் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஆனால் மாரத்தான், விருது விழா மாதிரி ஒரு தடவை நடந்து முடியும் நிகழ்ச்சிகளுக்குக் கொடுப்பது அதில் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் 2014லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. 2021 திருத்தத்தில் இன்னும் தெளிவாக, தன் சரக்குக்கு விளம்பரம் தேடி ஸ்பான்சர் செய்கிற செலவு எதுவும் சிஎஸ்ஆர் ஆகாது என்று எழுதி வைத்தார்கள். ஆக, ஒரு முழு நாள் வெயிலில் நிற்கிற பையனுக்குக் கம்பெனி கொடுக்கிற பை பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் விளம்பரக் கணக்கிலிருந்து வருகிறது. விளம்பரத்துக்குச் செலவழிப்பவர் பதிலுக்கு ஏதாவது எதிர்பார்ப்பார், அதில் தப்பும் இல்லை, எதிர்பார்க்காவிட்டால்தான் அவருடைய மேலதிகாரி அவரைக் கேட்பார். என்ன எதிர்பார்க்கிறார், அதை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

எனக்குத் தெரிந்து வழிகள் ஐந்து. ஒன்றுமே கொடுக்காமல் இருப்பது, கம்பெனி நேராக வாலண்டியர் கையில் கொடுப்பது, கம்பெனி விழாக் குழுவிடம் கொடுத்து குழு செலவழிப்பது, நாமே ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பது, அப்புறம் சான்றிதழ், இன்டர்வியூ வாய்ப்பு போன்றவை. கடைசியானதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சான்றிதழில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. என்எஸ்எஸ் என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரச் சேவை கணக்கு இருக்கிறது, அதற்காக வருகிறவர்களும் நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் "நன்றாக வேலை செய்கிற வாலண்டியருக்கு எங்கள் கம்பெனியில் நேர்முகத் தேர்வு" என்கிற ஆசை வார்த்தையைத் தயவுசெய்து மைக்கில் அறிவிக்காதீர்கள். வேலை தேடி அலைகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்த ஒரு வரியை நம்பி இரண்டு நாள் நாற்காலி தூக்குவான். அந்த அழைப்பு வராவிட்டால் அவன் கம்பெனியைத் திட்ட மாட்டான், நம்மைத்தான் திட்டுவான்.

இப்போது கம்பெனியே நேராகக் கொடுப்பது. இதை நாங்கள் ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கோச்சிங் சென்டர் வாலண்டியர்களுக்கு டீ ஷர்ட்டும் ஐந்நூறு ரூபாய் கூப்பனும் கொடுத்தது. ஒரு கையெழுத்தும் கேட்கவில்லை, ஒரு நிபந்தனையும் போடவில்லை. விழாவன்று மத்தியானம் வாசலில் நின்ற இரண்டு பிள்ளைகள், அந்த சென்டரின் ஆட்கள் நான்கு பேரை மைதானத்துக்குள் விட்டுவிட்டார்கள். அவர்கள் வாசிப்புப் போட்டி நடக்கிற இடத்துக்குப் போய், குழந்தைகளை அழைத்து வந்த அம்மாக்களிடம் பெயர், போன் நம்பர், பிள்ளை எந்த வகுப்பு என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டால் போட்டவர்களைத் தவிர யாரும் உள்ளே வந்து விற்கக் கூடாது என்பது எங்கள் விதி, அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "நமக்கு டீ ஷர்ட் கொடுத்தவங்கதானேக்கா, எப்படிப் போகச் சொல்றது?" என்றாள் அவர்களில் ஒரு பெண். எனக்குக் கோபம் வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை வேறு எப்படி நடந்துகொள்ளும்? யாரும் அவளிடம் உதவி கேட்கவில்லை, யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, போட்டிருந்த டீ ஷர்ட்டே வேலையை முடித்துவிட்டது. அப்புறம் இரண்டு மாதம் அந்த அம்மாக்கள் எனக்குப் போன் செய்து, என் நம்பர் அவங்களுக்கு எப்படிப் போச்சு என்று கேட்டார்கள். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கு 2023ல் தனிச் சட்டமே வந்தாயிற்று, எதற்கு என்று சொல்லி சம்மதம் வாங்கித்தான் நம்பரை எடுக்க வேண்டும் என்கிறது அது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனதை எந்தச் சட்டத்தில் தேடுவது?

அதே வருஷம் இன்னொரு கூத்து. அறுபது பேருக்கு என்று சொன்னவர்கள் நாற்பது டீ ஷர்ட்தான் கொண்டுவந்தார்கள். யாருக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? மேடைக்குப் பக்கத்தில், போட்டோ வருகிற இடத்தில் நின்றவர்களுக்கு. பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில், குப்பை பிரிக்கும் இடத்தில் நின்ற இருபது பேருக்குக் கிடைக்கவில்லை. அதில் ஆறு பேர் அடுத்த வருஷம் வரவில்லை. ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் வந்திருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

இலவசத்துக்கு இன்னொரு குணம் உண்டு, அது ஆள் சேர்க்கும், ஆனால் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்காது. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு ஹாக்டோபர்ஃபெஸ்ட் ஞாபகம் இருக்கும். டிஜிட்டல்ஓஷன் என்கிற கம்பெனி 2014ல் தொடங்கியது. அக்டோபர் மாதத்தில், யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பங்களிப்பு அனுப்பினால் ஒரு டீ ஷர்ட் இலவசம். நல்ல எண்ணம்தான். 2020ல் என்ன ஆனது என்றால், ஒரு சொல்லை மாற்றி, ஒரு வரியைச் சேர்த்து, ஒன்றுக்கும் உதவாத திருத்தங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளிவிட்டார்கள். சம்பளம் இல்லாமல் அந்தத் திட்டங்களைப் பராமரிக்கிற மனிதர்கள் அந்தக் குப்பையைக் கூட்டிப் பெருக்கியே அலுத்துப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி என்று அந்த மாதத்துக்குள்ளேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று, 2023ல் இலவச டீ ஷர்ட்டையே நிறுத்திவிட்டார்கள். அந்த டீ ஷர்ட் நம்ம ஊர்க் கடையில் என்ன விலை வரும்? முந்நூறு, நானூறு. அவ்வளவுக்கே இந்தக் கூத்து என்றால் ஆயிரம் ரூபாய் கூப்பனுக்கு நம் பதிவுப் படிவத்தில் எத்தனை பேர் வந்து விழுவார்கள், அதில் எத்தனை பேர் ஞாயிறு ராத்திரி நாற்காலி அடுக்க இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 22,000 வாலண்டியர்களில் சுமார் 10,000 பேர் போட்டி தொடங்கும் நேரத்தில் கழன்றுகொண்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. சீருடை, ஷூ எல்லாம் வாங்கிக்கொண்டு போனவர்கள் பலர். அதற்காகப் பழி முழுவதையும் அவர்கள் மேல் போடவும் முடியாது, பயிற்சியிலும் யாருக்கு எந்த வேலை என்பதிலும் ஏகப்பட்ட குளறுபடி இருந்தது. நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: எதைக் கொடுத்தாலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் கொடு, மீதியை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் ஒன்றுமே கொடுக்காமல் இருந்துவிடலாமே என்று குழுவில் மூத்தவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு அழகு இருக்கிறது, மறுக்க மாட்டேன். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவன், ஆடி மாதம் கூழ் ஊற்றுபவள், பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்ட பிறகு இலை போட்டு உட்காருபவன், இவர்கள் யாரும் கூப்பன் கேட்டதில்லை. ஆய்வும் அவர்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகப் போய் நன்கொடை வசூலிப்பதை வைத்து க்னீசி, ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2000ல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை, ஒரு குழுவுக்கு வசூலில் 1 சதவீதம், இன்னொன்றுக்கு 10 சதவீதம். அதிகமாக வசூலித்தது ஒன்றும் வாங்காத குழு. 10 சதவீதக் குழு இரண்டாவது. 1 சதவீதம் வாங்கியவர்கள்தான் கடைசி. சின்னக் காசைக் காட்டினால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது, இவ்வளவுக்கு இவ்வளவு போதும் என்று நின்றுவிடுகிறது. நம்ம ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் காய் நறுக்க வந்த அத்தையிடம் இருநூறு ரூபாயை நீட்டிப் பாருங்கள், அத்தோடு உறவு முடிந்தது.

ஆனால் மூத்தவர்களின் வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை எனக்குக் காட்டியவன் தங்கவயல் பையன் ஒருவன். தங்கவயலில் இருந்த தங்கச் சுரங்கம் 2001ல் மூடியதிலிருந்து அங்கே வேலை இல்லாமல் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து போகிற ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. டீ ஷர்ட் வருஷத்தில் அவன் என்னிடம் வந்து ரொம்பத் தயங்கிக் கேட்டான்: "அக்கா, இந்தக் கூப்பனை யாராவது காசுக்கு வாங்கிப்பாங்களா?" ஏன்டா என்றேன். சனி, ஞாயிறில் அவன் கேட்டரிங்கில் பரிமாறப் போவானாம், நாளுக்கு அறுநூறு ரூபாய். நம் விழாவுக்காக இரண்டு நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஐடியில் இருக்கிற பையனுக்கு இந்த இரண்டு நாள் பொழுதுபோக்கு, சம்பளத்தோடு கூடிய வார விடுமுறை. இவனுக்கு இது ஆயிரத்து இருநூறு ரூபாய் நன்கொடை. எங்கள் குழுவில் அந்த வருஷம் அதைவிடக் குறைவாக நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் பேனரில் இருந்தது, இவன் பெயர் எங்கேயும் இல்லை.

சும்மா செய்வதுதான் சேவை என்று சொல்கிறவர்களில் பலருக்குச் சும்மா செய்வதற்கு வசதி இருக்கிறது. அந்த வசதி இல்லாதவர்கள் மெல்ல மெல்ல வராமல் போய்விடுவார்கள், அப்புறம் விழா ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்ட் விழா ஆகிவிடும். இது நான் பயந்து சொல்வது இல்லை, கோவிட்டுக்குப் பிறகு இரண்டு வருஷம் கண்ணால் பார்த்தேன்.

பஸ் விஷயத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 2023 ஜூன் 11லிருந்து கர்நாடகத்தில் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பஸ்ஸில் இலவசம், அதனால் பெண் பிள்ளைகளுக்குப் பயணச் செலவு இல்லை என்று குழுவில் ஒருவர் கணக்குச் சொன்னார். அது கர்நாடக முகவரி இருக்கிறவர்களுக்கு. ஓசூரிலிருந்து வருகிற பெண்ணின் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, அவள் டிக்கெட் எடுக்க வேண்டும். அதுவும் இல்லாமல் ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரமெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் போகிறவளுக்கு இலவசப் பஸ்ஸால் என்ன பிரயோஜனம், பஸ் நிலையம் வரைக்கும் யார் கூடப் போவார்கள்?

ரொம்பப் பெரிய விழாக்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று பார்த்தேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 70,000 வாலண்டியர்கள், சம்பளம் கிடையாது, தங்கும் செலவும் அவர்களுடையது. ஆனால் வேலை நாளில் சாப்பாடும் லண்டனுக்குள் பயணமும் இலவசம், சீருடையும் உண்டு. அந்தச் சீருடை ஸ்பான்சரான அடிடாஸ் தயாரித்தது. தூரத்திலிருந்து பார்த்தாலே இவர் உதவி செய்கிறவர் என்று தெரிவதற்கான உடுப்பு அது, வேலைக்கான சாமான், அதனால் அது யார் தைத்தது என்பது பெரிதாகத் தெரியவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் பயணத்துக்கு நாளுக்கு 1,000 யென் முன்கட்டண அட்டை என்று அறிவித்தார்கள், இவ்வளவு பணம் புரள்கிற விளையாட்டில் மனிதர்களை இப்படிச் சும்மா வேலை வாங்குவதா என்று ஜப்பானிலேயே கடுமையாகக் கேட்டார்கள்.

எனக்கு உதவிய அளவுகோல் விளையாட்டிலிருந்து வரவில்லை, ரத்ததான முகாமிலிருந்து வந்தது. இந்தியாவில் காசுக்கு ரத்தம் கொடுப்பதை 1998 ஜனவரி 1லிருந்து தடை செய்தார்கள், 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி. தடை இருந்தும் முகாமில் ஜூஸ், பிஸ்கட், ஒரு சாவிக்கொத்து கொடுக்கிறார்கள், அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. ஏன்? செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 1991ல் இதற்கு ஒரு வரையறை சொல்லியிருக்கிறது. பணமாகவோ, பணத்துக்குப் பதிலாகக் கருதக்கூடிய வடிவத்திலோ எதுவும் வாங்கக் கூடாது. சின்ன ஞாபகப் பொருள், சிற்றுண்டி, நேரடிப் பயணச் செலவு, இவை இருக்கலாம். இந்த "பணத்துக்குப் பதிலாக" என்பதைப் பிடித்துக்கொண்டு நம் கம்பெனி கொடுப்பதைப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், சரி. முதுகுப்பை, எல்லையில் நிற்கிறது. ஷாப்பிங் கூப்பன்? அது பணம்தான், சட்டை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறது. தங்கவயல் பையன் அதை விற்க முடியுமா என்று கேட்டபோதே பதில் சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் ஒரு முக்கியமான விதிவிலக்கு. மேலே சொன்னதெல்லாம் நம்ம மாதிரி லாபம் பார்க்காத விழாவுக்கு. விழாவே ஒரு கம்பெனியுடையது, டிக்கெட் விற்று லாபம் அவர்களுக்கே போகிறது என்றால், அங்கே வாலண்டியர் என்ற சொல்லையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பையும் வேண்டாம், டீ ஷர்ட்டும் வேண்டாம், கூலி கொடு என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1938ஆம் வருஷத் தொழில் சட்டத்தின்படி லாப நோக்குள்ள தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் வாலண்டியராக வேலை செய்ய இடமில்லை. ஆனாலும் ஆசை விடுவதில்லை. ஏஓஎல் என்கிற இணையக் கம்பெனி தன்னுடைய அரட்டை அறைகளை மேற்பார்வை பார்க்க ஆயிரக்கணக்கான வாலண்டியர்களை வைத்திருந்தது, பதிலுக்கு இலவச இணைய இணைப்பு. 1999ல் அவர்களில் சிலர் வழக்குப் போட்டார்கள், இது வேலை, எங்களுக்குச் சம்பளம் சேர வேண்டும் என்று. பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 2010ல் 1.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். 2013ல் நியூயார்க்கில் பேஸ்பால் ஆல் ஸ்டார் விழாவில் சட்டை, தொப்பி, ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பந்து என்று கொடுத்து வேலை வாங்கியதற்கும் வழக்கு வந்தது. பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, நம் கம்பெனி கொடுக்கிற பையும் பாட்டிலும் அப்படியே அதில் இருக்கிறது. அந்த வழக்கில் வாலண்டியர் பக்கம் தோற்றது, ஆனால் பையும் தொப்பியும் கூலிக்குச் சமம் என்று நீதிமன்றம் சொன்னதால் இல்லை. பருவகாலக் கேளிக்கை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதில் தப்பித்தார்கள். இங்கே பெங்களூரில் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இசை நிகழ்ச்சியில் பன்னிரண்டு மணி நேரம் தடுப்புக் கம்பி பிடிக்க வைத்து ஒரு கைப்பட்டையும் பர்கரும் கொடுத்து அனுப்புவதைக் கேள்விப்படும்போது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வழி, கம்பெனி குழுவிடம் கொடுக்கட்டும், குழு செலவழிக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்கு புராஜெக்ட் டைகர் தெரிந்திருக்கும். 2018ல் இந்திய மொழி விக்கிப்பீடியா எழுத்தாளர்களுக்கு குரோம்புக் மடிக்கணினியும் இணையக் கட்டண உதவியும் கொடுத்தார்கள். கூகுள் அதில் கூட்டாளி. ஆனால் கூகுள் ஆள் வந்து யாருக்கும் கையில் கொடுத்து போட்டோ எடுக்கவில்லை. வேண்டும் என்கிறவர்கள் பொதுவில் விண்ணப்பிக்க வேண்டும், எதற்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும், மற்ற எழுத்தாளர்கள் அதைப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம். கம்பெனிப் பணம் வந்தால் அதைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு, கேட்பது நல்லதுதான். ஆனால் வாங்கியவன் யாருக்கும் கடன்பட்ட உணர்வோடு எழுத வேண்டியதில்லை, கருவி வேலைக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இனி கணக்கு. பை ஒன்று நானூறு ரூபாய் என்று வைத்தால் அறுபது பேருக்கு 24,000. கூப்பன் 60,000. ஆக இந்தக் கம்பெனி நம் வாலண்டியர்களுக்காக ஒதுக்கியிருப்பது ஏறக்குறைய 84,000 ரூபாய். இதையே நம் கையில் கொடுத்தால்? காலை டிபன், மத்தியானச் சாப்பாடு, சாயங்காலம் டீ, வடை என்று ஆளுக்கு நாளுக்கு 250 வைத்தாலும் இரண்டு நாளைக்கு 30,000. ராத்திரி வீட்டுக்குப் போக எட்டு வண்டி, வண்டிக்கு 500, இரண்டு ராத்திரிக்கு 8,000. ஓசூர், தங்கவயல் என்று வெளியூரிலிருந்து வரும் பதினைந்து பேருக்குப் பயணத்துக்கு 6,000. இதுவரை 44,000 ஆயிற்று. வேலையை விட்டுவிட்டு வருகிற பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி இழப்பு, நாளுக்கு அறுநூறு என்று 14,400. மிச்சம் 25,600. அதில் வாலண்டியர்கள் உட்கார்ந்து காலை நீட்ட ஒரு பந்தல், பெண்களுக்கு வாடகைக்கு இரண்டு நடமாடும் கழிப்பறை, ஒரு முதலுதவிப் பெட்டி. ஏழு வருஷமாக வாலண்டியர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒருவர்கூட இதுவரை முதுகுப்பை கேட்டதில்லை. பெங்களூரில் ஐடி கம்பெனிப் பை இல்லாத வீடு எது?

கூலி இழப்பைக் கொடுப்பது மேலே நான் சொன்ன "பணம் கூடாது" என்பதற்கு முரணாக இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், நானும் இரண்டு நாள் யோசித்தேன். என் பதில், இழந்ததைத் திருப்பிக் கொடுப்பது வேறு, கூடுதலாகக் கொடுத்து இழுப்பது வேறு. பரிமாறப் போயிருந்தால் கிடைக்கும் பணத்தைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கப் போவதில்லை. ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, கேட்டு வாங்க வைக்கவும் கூடாது. அதை எப்படிச் செய்வது என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை. பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் வைத்து, அதை நானும் பொருளாளரும் மட்டும் பார்ப்பது என்று இப்போதைக்கு நினைத்திருக்கிறேன். தினக்கூலி வேலையையே வாலண்டியர் தலையில் கட்டுவதையும் நிறுத்த வேண்டும். ராத்திரிக் காவல், கழிப்பறை சுத்தம், ஒலிபெருக்கி, இவற்றுக்கு ஆள் வைத்துக் கூலி கொடுத்துவிடுங்கள். அங்கே சேவையைப் பேசாதீர்கள்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பணம் குழுவிடம் வந்தால் குழு அதைச் சாப்பிட்டுவிடாது என்று என்ன நிச்சயம்? மேடை அலங்காரத்துக்குக் கொஞ்சம், சிறப்பு விருந்தினர் சால்வைக்குக் கொஞ்சம் என்று கரைந்துபோய் வாலண்டியருக்கு மறுபடியும் லெமன் சாதம்தான் மிஞ்சும் என்று ஒரு பெண் போன வருஷம் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவள் சொன்னது பொய்யும் இல்லை. அதனால் கணக்குத் தாளை விழா முடிந்த வாரத்திலேயே வாலண்டியர் வாட்ஸாப் குழுவில் போட வேண்டும், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று. இரண்டாவது ஓட்டை, கம்பெனிக்கு இது பிடிக்காமல் போகலாம். பையில் பெயர் அச்சடித்தால் அது வருஷம் முழுக்க மெட்ரோவில் சுற்றும், நம் பந்தலில் ஒரு நன்றிப் பலகை இரண்டு நாள்தான் நிற்கும். அதுவும் துணியில் எழுதிய பலகை, ஏனென்றால் 2018லிருந்து பெங்களூரில் ஃபிளெக்ஸ் கட்டினால் மாநகராட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள்.

ஆக என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. கம்பெனியிடம் போய் இதைச் சொல்ல வேண்டிய வேலையும் என் தலையில்தான் விழுந்தது. முந்தாநாள் பேசினேன். அந்தத் தம்பி நல்ல மாதிரிதான், தூத்துக்குடிப் பக்கம். "மேடம், பை ஏற்கெனவே ஆர்டர் போட்டாச்சே" என்றார். பையைப் போட்டிருந்தால் போகட்டும், கூப்பன் பணத்தை மட்டும் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் மாற்றிக் கொடுங்கள் என்றேன், பந்தலுக்கு உங்கள் பெயரை வைக்கிறோம், வாலண்டியர் பெயர்ப் பட்டியலும் போன் நம்பரும் தர மாட்டோம் என்றும் சொல்லிவிட்டேன். நம்பர் தர மாட்டோம் என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். அறுபதாயிரம் வராது, முப்பது வந்தால் அதிகம் என்று நினைக்கிறேன். முப்பது வந்தால் சாப்பாட்டுச் செலவுக்குச் சரியாகிவிடும், வண்டிக்கு நாம் ஆளுக்குக் கொஞ்சம் போட வேண்டியிருக்கும், பந்தலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன். அறுபதுக்கு ஒன்று குறைந்தாலும் ஒன்றையும் பிரிக்க மாட்டேன், முழுசாக வந்தால் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்துதான் கொடுக்க ஆரம்பிப்பேன்.